உட்காருங்க மாமா

"மாமா, டார்ச்சை என் மூஞ்சியில அடிக்காதீங்க, அந்த நட்டுல அடிங்க!"

மருமகள் குளியலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, டாய்லெட்டின் அடியில் துருப்பிடித்துக் கிடந்த நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் டார்ச்சும் கையுமாகத் தலைமாட்டில் நின்றார். அவள் கணவன் நிலைப்படியில் உட்கார்ந்து, டாய்லெட் மாற்றுவது எப்படி என்ற வீடியோவைக் கைப்பேசியில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆணி அடிக்கச் சொன்னால் குறி தவறாமல் தன் விரலில் அடித்துக்கொள்ளும் மகராசன் அவன்.

"உனக்கு எதுக்கும்மா இந்தப் பாடு?" என்றார் மாமனார். "தப்பு பண்ணினது நான்."

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க மாமா. டாய்லெட் பழசு. அடியில இருக்கிற வளையம் போயிடுச்சு. அதான் கீழ ஹால்ல ஒழுகுது."

"எனக்காகச் சொல்ற."

"வேணும்னா கழட்டினதும் நீங்களே பாருங்க."

சனிக்கிழமை வந்தால் மாமனாருக்குக் குளியலறையைக் கழுவியாக வேண்டும். வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துத் தள்ளினால்தான் மனசு ஆறும். மகனோடு இருக்க இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்து எட்டு மாதமாகியும் பழக்கம் விடவில்லை. போன வாரம் கீழே கூடத்தின் கூரையில் தாம்பாளம் அகலத்துக்கு ஈரம் படர்ந்து, சோபாவில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிளம்பர் வந்தார். மாடிக்கும் கீழுக்குமாக நடந்தார். மருமகளிடம் அந்த ஊர்ப் பேச்சில் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார்.

யாரும் மாமனாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே அவர் பெட்டியை எடுத்துவிட்டார். "ஊர்ல ஒரு ரூம் பார்த்துத் தனியா இருந்துக்கறேன்டா. டிக்கெட் போடு. எனக்கு இந்த வீடெல்லாம் சரிப்படாது" என்றார் மகனிடம்.

மருமகள் நாலு வருஷமாகத் தினமும் வேலை முடிந்து பூட்டிய வீட்டுக்குத்தான் திரும்பி வந்தாள். இந்த எட்டு மாதமாக அவள் சாவியைத் தேடுவதற்குள் கதவு திறக்கிறது. "வந்துட்டியாம்மா?" என்று ஒரு குரல் கேட்கிறது. அதை இழக்க அவள் தயாராக இல்லை.

நட்டு ஒருவழியாக இளகியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய டாய்லெட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அடியில் பழுப்பேறி நசுங்கிய மெழுகு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க மாமா! எப்படி நசுங்கியிருக்கு பாருங்க!"

மாமனார் டார்ச்சை அடித்து, குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஆமாம்மா" என்றார்.

"அந்த ஓட்டையை உடனே துணியால அடைக்கணுமாம், நாத்தம் வருமாம்" என்றான் கணவன் வீடியோவைப் பார்த்து.

"உங்க பனியனாலதான் அடைச்சிருக்கேன்."

"அடிப்பாவி, புதுசுடி அது!"

புது வளையத்தை வைத்து, புது டாய்லெட்டை அதன்மேல் அலுங்காமல் இறக்கினார்கள். வளையம் படிய, மேலே கனமாக ஒருவர் உட்கார வேண்டும் என்றது வீடியோ. கணவன் எழுந்தான்.

"நீங்க வேணாம். மாமா உட்காரட்டும்" என்றாள் அவள். "உட்காருங்க மாமா. ஆடாம அசையாம இருக்கணும். உங்களை மாதிரி ஒருத்தர் உட்கார்ந்தாத்தான் இது நிலைக்கும்."

மாமனார் மூடியின் மேல் சிம்மாசனத்தில் அமர்வதுபோல் உட்கார்ந்தார். மகன் வாய்விட்டுச் சிரித்தான். மாமனாரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. மாமனார் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

மருமகள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். இத்தனை செய்தும் மனிதர் கிளம்பத்தான் போகிறார்.

"விடு. பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பேசச் சொல்லலாம்" என்றான் கணவன். மாமனாரும் அந்த ஊர்க்காரரான பக்கத்து வீட்டுக்காரரும் தினமும் காலையில் பூங்கா பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். "ரெண்டு பேரும் எந்தப் பாஷையிலப்பா பேசிக்கிறீங்க?" என்று மகன் கிண்டல் செய்தால் மாமனார் சிரிப்பதோடு சரி.

வாசல் மணி அடித்தது. கூரையைச் சரிசெய்ய வருவதாகச் சொல்லியிருந்த பிளம்பர், அவர்கள் வாசலில் இறக்கிப் போட்டிருந்த பழைய டாய்லெட்டைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு மாமனாரும் வெளியே வந்தார்.

"இதை ஏன் கழற்றினீர்கள்?" என்று பிளம்பர் தன் மொழியில் மருமகளைக் கேட்டார். "இதில் குறையே இல்லை என்று அன்றைக்கே சொன்னேனே. இங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. பெரியவர் வாளியால் ஊற்றியதுதான் கீழே இறங்கியிருக்கிறது."

"என்னம்மா சொல்றார்?" என்றார் மாமனார்.

"வளையம்தான் போயிருந்ததாம் மாமா. நல்லவேளை மாத்திட்டீங்கன்னு சொல்றார்" என்றாள் அவள், கண் இமைக்காமல்.

மாமனார் தலையாட்டிக்கொண்டார். பிறகு பிளம்பரைப் பார்த்து, அந்த ஊர்ப் பேச்சிலேயே ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்:

"அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது. பெட்டி கட்டினேன். நல்ல டாய்லெட்டை இவள் ஏன் கழற்றினாள் என்பதும் புரிந்தது. இப்போதுதான் பெட்டியைப் பிரித்துவிட்டு வருகிறேன்."