மூன்று பேருக்குத் தெரிந்த வார்த்தை

பணம் அனுப்பும் பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

திரையில் மகளின் பெயர். பழைய எண்.

வந்துவிட்டான் திருடன் என்று செக்கர் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் சோதித்தவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தெருவே அவரை செக்கர் என்றுதான் கூப்பிடும். தூங்குவதுபோல் நடிப்பவன், கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொள்பவன், பை பையாகத் துழாவி நாடகம் போடுபவன், எல்லோரையும் பார்த்தாயிற்று. முகத்தைப் பார்த்து நம்பி அவர் ஒருவரையும் விட்டதில்லை. வீட்டில் மனைவி உப்புப் போட்டாயிற்று என்று சொன்னாலும், குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அப்படிப்பட்டவருக்குக் காலையில் ஒரு புது எண்ணிலிருந்து செய்தி வந்திருந்தது.

அப்பா, நான்தான். போன் திருடு போய்விட்டது, வங்கிக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் பார்த்து வைத்த வீடு கைவிட்டுப் போய்விடும். பழைய எண்ணிலிருந்து கூப்பிட்டால் நம்பாதீர்கள், இப்போதெல்லாம் குரலைக்கூட அச்சு அசலாகச் செய்கிறார்கள்.

செக்கர் உடனே நம்பிவிடவில்லை. அவரா நம்புவார்? அந்த வார்த்தையைக் கேட்டார்.

அது மகளின் ஏற்பாடு. போன வருடம் வந்தபோது, பணம் அனுப்பும் செயலியை அவர் போனில் போட்டுக் கொடுத்த கையோடு, அப்பா அம்மா இருவரையும் சமையலறைக்கு இழுத்துப்போய்க் காதோடு ஒரு வார்த்தை சொன்னாள். யார் பணம் கேட்டாலும், என் குரலிலேயே கேட்டாலும், முதலில் இதைக் கேளுங்கள். எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். உலகத்தில் நம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கேட்டதும் மகள் லேசில் மசியவில்லை. அதிலும் அவருக்குப் பெருமைதான். அப்படியே என் புத்தி என்று மெச்சிக்கொண்டார். நாலைந்து செய்தி போய் வந்தது. கடைசியில் வார்த்தை எழுத்துப் பிசகாமல் திரையில் வந்து நின்றது.

அதற்குப் பிறகும் சந்தேகப்பட்டால் அவரெல்லாம் ஒரு தகப்பனா?

கணக்கில் இருந்தது மனைவியின் முழங்கால் அறுவைக்கு வைத்திருந்த பணம். வரும் புதன்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமையே திருப்பிப் போட்டுவிடுகிறேன் என்று மகள் எழுதியிருந்தாள். அதனால் மனைவியிடம் சொல்லவில்லை. பக்கத்து அறையில் அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

போன் விடாமல் அடித்தது.

எடுக்காவிட்டால் திருடன் உஷாராகிவிடுவான். பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்துக்கொண்டே காரியத்தை முடித்துவிடலாம். ஓடுகிற ரயிலில் இப்படி எத்தனை பேரை அடுத்த நிலையம் வரும்வரை பேச்சிலேயே பிடித்து வைத்திருக்கிறார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

சாப்பிட்டாயிற்றா என்றது குரல். அம்மாவுக்கு வலி எப்படி இருக்கிறது என்றது. விடுப்பு கிடைத்துவிட்டது, செவ்வாய்க்கிழமையே வந்துவிடுகிறேன் என்றது.

அசல் மகளேதான். அப்பா என்பதைக் கடைசியில் கொஞ்சம் இழுப்பாளே, அந்த இழுப்புகூட இருந்தது. போனைத் திருடியவனுக்கு முழங்காலும் தெரியும், செவ்வாய்க்கிழமையும் தெரியும். என்னமாய்ப் படித்து வைத்திருக்கிறார்கள் என்று ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் மலைப்பாகவும் இருந்தது.

ஆமாம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டே ரகசிய எண்ணைத் தட்டினார். பணம் போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது.

இனி என்ன பயம்? ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்த வார்த்தையச் சொல்லு, பாப்போம்."

டிக்கெட் கேட்டதும் சட்டைப்பையைத் தடவுவார்களே, அந்தத் தடுமாற்றத்துக்காகக் காத்திருந்தார்.

குரல் சிரித்தது.

"பச்சைக் குடை. என்னப்பா, என்னையே செக் பண்றீங்களா?"

ஆறு வயதில் அவள் ரயிலில் விட்டுவிட்டு வந்த குடை. மூன்று நாள் அழுதாள். அவர் ஒவ்வொரு பெட்டியாகத் தேடியும் கிடைக்கவில்லை.

திருடிய போனில் இது இருக்க வழியே இல்லை. எங்கேயும் எழுதாத வார்த்தை. தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

அப்படியானால் காலையில் வந்தவளுக்கு எப்படித் தெரிந்தது?

மகளின் குரல் கேட்டு மனைவி வாசற்படி வரைக்கும் வந்துவிட்டாள். ஒரு கை நிலையைப் பிடித்திருக்க, மறு கையைப் போனுக்காக நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. காலைச் செய்திகளைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.

வார்த்தை அங்கேதான் இருந்தது. எழுத்துப் பிசகாமல் இருந்தது.

அதற்கு மேலே புது எண் கேட்டிருந்தது: நீங்க எங்கப்பாதான்னு நான் எப்படி நம்புறது? முதல்ல நீங்க சொல்லுங்க.

வார்த்தை வலப்பக்கம் இருந்தது. அவர் அனுப்பியது.

அதற்குக் கீழே இடப்பக்கம் பதில் வந்திருந்தது: சரிப்பா, இப்ப நம்புறேன்.