நாலு பத்து

புயல் அறிகுறியைக் கண்டதும் போனில் தெரிவிக்கும் தொண்டர்களுக்குக் கடற்கரைச் சமூகக்கூடத்தில் பயிற்சி நடந்தது. சுவரில் கருமேகப் படம் ஒன்று தொங்கியது. "என்ன தெரியுதுன்னு இதுல சொல்லுங்கம்மா" என்று அதிகாரி போனை நீட்டினார். பெண்கள் அதை ஒருத்தி மாற்றி ஒருத்தியிடம் தள்ளிவிட்டார்கள். வள்ளம் கடலில் நிற்கும்போது வீட்டுப் பெண் புயல் என்று சொன்னால் அது வந்துவிடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. சென்ற ஐப்பசியில் கணவனைக் கடலுக்குக் கொடுத்த அமலோற்பவம் போனைக் காதில் வைத்தாள். "தென்கிழக்கே கருமேகம். காத்து சுத்தமா நின்னுட்டு. மணி நாலு பத்து." படத்தில் மணி எதுவும் இல்லை. "அப்ப என்ன வருது?" என்றார் அதிகாரி. பக்கத்தில் இருந்தவள் அமலோற்பவத்தின் கையைப் பிடித்தாள். "சொல்லாதீங்கக்கா, எங்க ஆளுவ கடல்ல நிக்காவ."

"நானும் அன்னைக்குச் சொல்லாமத்தான் இருந்தேன்" என்றாள் அமலோற்பவம்.