ஒரு மேசை மிச்சம்

"போன வாரம் புது முறையில வேலை பாத்தோம் அண்ணாச்சி. ஒரு ஆர்டர்கூட தேங்கலை" என்றாள் அனுப்பிரியா.

திருத்தங்கல்லில் பட்டாசு லேபிள் அடிக்கும் அந்த அச்சகத்தில், வேலையை வேகப்படுத்தத்தான் முதலாளி ராஜபாண்டியன் அவளை மேனேஜராகச் சேர்த்திருந்தார்.

"அப்ப ஆபீஸ்ல ஆள் கூடுதலா இருக்குனு சொல்லு!"

"ஆமா அண்ணாச்சி. ஒரு மேசையை எடுத்துரலாம்."

கணக்கர் சண்முகவேல் மெல்ல எழுந்து தன் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் ராஜபாண்டியன். "வயசானவுகளை வச்சுக்கிட்டு வேகம் எங்கன வரும்? தயங்காமச் சொல்லும்மா, யாரு மேசை?"

"உங்க மேசைதான்."

ராஜபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன வாரம் நீங்க குத்தாலத்துல இருந்தீக. எப்பவும் உங்க கையெழுத்துக்குக் காத்துக் கெடக்குற லேபிள் மாதிரியை, பட்டாசுக் கம்பெனிக்கே நேரா வாட்ஸ்அப்ல அனுப்பினோம். அவுக சரின்னதும் அச்சுல ஏத்திட்டோம். வேற எதையும் மாத்தலை."

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"சண்முகவேலு, தூக்கைக் கீழ வையி. குத்தாலத்துல அந்த ரூம் இன்னும் காலியா இருக்கானு கேளுய்யா."