பூமயில் புரட்டிய கல்

"கல்லைப் புரட்டிப் போட்டா அதுக்கு மூச்சு முட்டாதாம்மா?" என்று மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். "கல்லுக்கு ஏதுடி மூச்சு" என்று பூமயில் சிரித்தாள். கடலில் மூழ்கிப் பாசி பறித்துத்தான் இருபது வருடமாகக் குடும்பம் ஓடியது. இடுக்கில் இருக்கும் பாசிக்காகப் பவளக்கல்லைப் புரட்டுவாள். திருப்பி வைக்க மூச்சு போதாது.

இந்தக் கோடையில் தண்ணீர் உலைபோலச் சுட்டது. அந்தச் சூட்டில் பவளப்பாறை முழுவதும் உயிர்நிறம் போய்ச் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது.

"பாசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கடலம்மா நம்மளக் கைகழுவிட்டா. வாங்கக்கா, போவோம்" என்று கூடப் பாசி எடுக்க வந்த முனீஸ்வரி வள்ளத்தை நோக்கி நீந்தினாள்.

"நீ போடி, வாரேன்."

பூமயில் மூழ்கி, தான் எப்போதோ புரட்டிப் போட்டுக் குப்புறக் கிடந்த ஒரு கல்லை நிமிர்த்தினாள். அதன் ஓரத்தில் உள்ளங்கையளவு மட்டும் இன்னும் உயிரோடு தேன்நிறம் மிஞ்சியிருந்தது. மேலே வெயில் கொதித்தது. சாமியிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கொடுக்க அவளிடம் வேறொன்றும் இல்லை. மெல்ல மேலெழுந்து, அந்த நிறத்தின்மேல் தன் நிழல் விழும்படி குப்புற மிதந்தாள். அலை தள்ளும்போதெல்லாம் கையால் துழாவி, விலகிய நிழலைத் திரும்ப அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.