பொன்னுச்சிக் குருவி இருக்கும் பக்கம்

ஜூடித் மறுபடியும் நின்றாள். அண்ணாந்து ஊசியிலை மரத்தைப் பார்த்தாள். அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அங்கே ஒன்றுமில்லை. கிளை அசையவில்லை, ஒரு சத்தமும் இல்லை. இருந்தும் கோடு போடுகிறாள்.

ஜூன் மாதக் காலை. பார்லி வயலைத் தாண்டி வந்ததில் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. இங்கிலாந்தில் எங்கள் ஹெரிஃபோர்டு பக்கத்தில், கூடு கட்டும் பறவைகளை எண்ண வரைபடத்தில் ஆளுக்கொரு சதுரம் ஒதுக்கியிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, ஆனால் சதுரத்தை யாரும் லேசில் விட்டுக்கொடுப்பதும் கிடையாது. இந்தக் காட்டை ஒரு மண்பாதை இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் என் மனைவி ஜூடித்துடையது. அந்தப் பக்கம் என்னுடையது.

ஒரே காடு, ஒரே மரம். அவள் பக்கத்தில் பொன்னுச்சிக் குருவிகள் கொட்டிக் கிடக்கின்றனவாம். என் பக்கத்தில் சில வருடங்களாக ஒன்றுகூட இல்லை.

நம்புகிற மாதிரியா இருக்கிறது?

கட்டைவிரல் அளவுக் குருவி அது. உச்சந்தலையில் மஞ்சள் கோடு. இலைக்குள் ஒளிந்திருக்கும், கண்ணில் படாது. ஊசிமுனை மாதிரி கீச்சென்ற அதன் உச்சக் குரலை வைத்துத்தான் எண்ண வேண்டும், குரலுக்கு ஒரு கோடு. அந்தக் குரலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். கழுத்தில் தொங்குகிற பைனாகுலரை வாங்கிக் கொடுத்தவனும் நான். அவளுக்குக் கணக்கெடுப்பின் மாவட்டப் பொறுப்பாளர் பாராட்டி மின்னஞ்சல் அனுப்புகிறார். எனக்கும் அனுப்புகிறார், “உங்கள் பக்கம் என்ன ஆச்சு?” என்று.

பண்ணைப் பூனைகள், மரம் அறுக்கும் இயந்திரம், கெட்டுப்போன வானிலை என்று எல்லாவற்றையும் குற்றம் சொல்லி நீளமாகப் பதில் எழுதினேன். குருவிகள் போய்விட்டன என்று முடித்தேன்.

என் மனைவி புளுகுகிறாள் என்பதை மட்டும் எழுதவில்லை.

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இன்றைக்குத் துணைக்கு வருகிறேன் என்று கிளம்பினேன். துணைக்கு வருகிறவர் பின்னால் நடக்கலாம், அவ்வளவுதான். “அதோ” என்று கை நீட்டக் கூடாது. எண்ணுகிறவர் காதில் விழுந்தது மட்டுமே கணக்கு. போன வருடம் ஜூடித் என் சதுரத்துக்கு வந்தபோது கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. பொறாமையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்த ஒழுங்கை மெச்சத்தான் வேண்டும்.

அவள் இன்னொரு கோடு போட்டாள். இந்த முறை தனக்குத்தானே சிரித்தும் கொண்டாள்.

கோட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

“எங்க பாடுது? காட்டு, நானும் பாக்கறேன். சும்மா கோடு போட்டு என்ன வெறுப்பேத்தாத.”

அவள் கோபப்படவில்லை. அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு முழங்கையைப் பிடித்து, தாழ்ந்திருந்த ஒரு கிளைப் பக்கம் என்னைத் திருப்பினாள்.

கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. உச்சந்தலையில் மஞ்சள் கோடு.

அலகு அகலத் திறந்திருந்தது. தொண்டை படபடவென்று துடித்தது. வால் நுனிவரை உடம்பே குலுங்கியது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தூரத்தில் காட்டுப்புறா முனகுவது கேட்டது. மேட்டு நிலத்தில் டிராக்டர் போவது கேட்டது. குருவி அலகை மூடி, மூச்சு வாங்கி, மறுபடியும் திறந்தது. கழுத்தை நீட்டிக் காதை அதன் பக்கம் கொண்டுபோனேன். அப்போதும் இல்லை. வயதானால் காது முதலில் இழப்பது இந்த மாதிரி உச்சக் குரல்களைத்தான்.

பூனைகள் ஒரு பாவமும் செய்யவில்லை. குருவிகள் எங்கேயும் போகவில்லை. என் பக்கத்தில், என் தலைக்கு மேலேயே பாடியிருக்கின்றன. நான் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பூஜ்யம் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

காது கேட்காதவனுக்குச் சதுரம் எதற்கு? திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பக்கத்திலேயே இருப்பவள் என்று அதையும் இவளுக்கே கொடுப்பார்கள்.

உண்மை தெரிந்த பிறகாவது பொறாமை போகும் என்றுதானே நினைப்பீர்கள்? எனக்குக் கூடிற்று. அந்தப் பாட்டு இந்த நிமிடம் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“போன வருஷம் என் பக்கத்துலயும் பாடுச்சா?”

ஆமாம் என்று தலையாட்டினாள்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, ஜூடித். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! நான் உன் புருஷன்தானே?”

அவள் பென்சிலைச் சட்டைப்பைக்குள் போட்டாள். என் எதிரே வந்து நின்றாள். எண்ணும் காலையில் காட்டுக்குள் யாரும் பேசாத அளவுக்குக் குரலை உயர்த்திச் சொன்னாள். குருவி பறந்துவிட்டது.

“சொன்னேன், நெவில். உன் பின்னாடியே நின்னு ரெண்டு தடவ சொன்னேன்.”