ஜன்னல் வெளிச்சத்தில் இசக்கியப்பனின் மூளை

அண்டத்து ரகசியமெல்லாம் மனித மூளைக்குள் அடக்கம் என்கிறார்கள் ஞானிகள். தென்காசி ஸ்கேன் சென்டர் ஒன்றில் அப்படிப்பட்ட மூளை, கறுப்புப் படமாகி, காத்திருப்போரின் கைகளில் தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளை போட்டோ போலச் சுற்றிவருகிறது. ஆளுக்கொரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். வெளியே குற்றாலத்துச் சாரல் கண்ணாடியில் ஒட்டி வழிகிறது. மூளைக்குச் சொந்தக்காரனான இசக்கியப்பன் மூலை நாற்காலியில் ஒடுங்கியிருக்கிறான். எஸ்.ஐ. தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் அவன்தான் முந்துகிறான். நேர்முகத் தேர்வில் மட்டும் அவனுக்கு நாக்கு எழுவதில்லை. அடுத்த வாரம் கடைசி வாய்ப்பு. தலைக்குள் ஏதோ அடைப்பு, கண்டுபிடித்தால் மாத்திரை உண்டு என்பது ஓய்வுபெற்ற ஏட்டையாவான அப்பா முப்பிடாதி துப்புத் துலக்கி வைத்திருக்கும் முடிவு. டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுகிறார். "மூளை முழு ஆரோக்கியம் அண்ணாச்சி. கூச்சப்படுதவங்களுக்கு அங்கன இங்கன கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்னு ஆராய்ச்சியில சொல்லுதாங்க. அது நூறு பேரைச் சேத்துப் பாத்தாத்தான் தெரியும், ஒத்தப் படத்துல தெரியாது. இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல." முப்பிடாதியின் மீசை தொய்கிறது. "கேட்டியாலே? ஒரு நோயுமில்லையாம்! பொறவு ஏம்லே வாயத் தொறக்க மாட்டேங்க?" கையில் கட்டுப் போட்ட அம்மாள் ஒருத்தி, "எங்க, எந்திச்சு நின்னு ஒங்க பேரச் சொல்லுங்க தம்பி, பாப்போம்" என்கிறாள். கூடமே திரும்புகிறது. இசக்கியப்பன் எழுந்து நிற்கிறான். உதடு பிரிகிறது; காற்றுதான் வருகிறது. ஸ்கேனுக்கு முன்னாலிருந்தே அவனுக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டிருக்கிறது. கழிப்பறை எங்கே என்று இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.