நாலாவது சர்வீஸ்

"இன்னும் ஸ்லோவாத்தான் இருக்குன்னு உன் முதலாளிகிட்ட சொல்லுப்பா."

ஜமால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவனுடைய போன் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது. பெரியவர் தங்கராஜு சொன்னது, ஸ்கூடாய் கடையில் இருக்கும் முதலாளிக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கும். இருந்தாலும் சொன்னான்.

"பாஸ், இன்னும் ஸ்லோன்னு சொல்றாரு."

"ஸ்டார்ட் ஆகும்போது தானா ஓடுறதையெல்லாம் நிறுத்திட்டியா? பழைய சிஸ்டத்தோட மிச்சம் கிடந்தா அதையும் அழிச்சிடு," என்றது போன்.

"அதெல்லாம் முதல் தடவை வந்தப்பவே செஞ்சிட்டேன் பாஸ்."

இது நாலாவது தடவை. புது சிஸ்டத்துக்கு மாற்றியதிலிருந்து கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது என்று பெரியவர்தான் போன் போட்டார். இந்த வீடு இருக்கிற மாசாயில் கம்ப்யூட்டர் கடையா இல்லை? ஜமால் ஒவ்வொரு தடவையும் ஸ்கூடாயிலிருந்து லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் வந்தான். ரேம் கூட்டினான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டான். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வீட்டை அவன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பெரியவரின் மனைவிக்கு முதலாம் ஆண்டுத் திதி. கூடத்தில் மாட்ட வேண்டிய படம் இந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு வேறு நல்ல படம் கிடையாதாம்.

"பாஸ், நீங்களே ஒரு தடவை வந்து பார்த்திடுங்களேன்லா."

"கடையை விட்டுட்டு எப்படி வர்றது? நீயே பாரு."

"என்ன சொல்றாங்க?" என்று பெரியவர் ஜமாலைக் கேட்டார்.

ஜமாலுக்கு அலுத்துவிட்டது. "ஐயா, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேட்குது. நடுவுல நான் எதுக்கு? நீங்களே பேசுங்களேன்."

"நானா போய் யார்கிட்டயும் எதையும் கேட்டுப் பழக்கமில்ல." பெரியவர் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜமால் பெருமூச்சுவிட்டு மௌஸை அழுத்தினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் திரை முழுக்க வந்து நின்றது. அந்த அம்மா கையில் கரண்டியோடு, படம் எடுத்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வந்திருச்சு ஐயா. இதுல எங்க ஸ்லோ?"

பெரியவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்லோதான்," என்றார் பெரியவர். குரல் இறங்கியிருந்தது. "வெள்ளிக்கிழமை முதலாளியை வரச் சொல்லு. காலைல ஏழு மணிக்கு. குளிச்சிட்டு, வெறும் வயித்துல வரணும். வேட்டி கட்டியிருக்கணும்."

"அலமாக், கம்ப்யூட்டர் பார்க்க எதுக்குய்யா வேட்டி?"

"யார் மேல தப்புன்னு அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வீட்டுல சடங்கு நிக்கக் கூடாது. சொல்லுப்பா."

ஜமால் போன் பக்கம் குனிந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் முதலாளியே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வர்றேன்னு அப்பாகிட்ட சொல்லிடு, ஜமால்."